அட்டைல இருக்கற பேரு: பாட்டுப் பெட்டி – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் "உங்களைத் தவிர வேற யாருக்கும் ஞாபகம் இருக்காதுன்னு நீங்க நினைக்கிற ஆல்பம் எது?"ன்னு கேட்டிருந்தேன். பத்து பதினஞ்சு லெட்டர் வந்தா பெரிசுன்னு நினைச்சேன், வந்தது ஒரு கட்டைப்பை நிறைய. சிலர் வாய்ஸ் நோட்ல பாடியே அனுப்பியிருந்தீங்க. எல்லாத்தையும் கேட்டேன். இந்த மாசம் வேற கேள்வி எதையும் எடுக்கல, முழுக்க இதான்.

அக்கா, எனக்கு 26 வயசு, கோயம்புத்தூர். ஹைலு மெர்கியான்னு எத்தியோப்பியாக்காரர் ஒருத்தர் அக்கார்டியன் வாசிச்ச ஒரு ஆல்பம் இருக்கு, அதைக் கேக்காம எனக்கு நாள் ஓடாது. ரூம்மேட் கேட்டுட்டு "என்னடா இது சர்க்கஸ் மியூசிக்கா"ன்னு கேக்கறான். ஆபீஸ்ல ஒருத்தருக்கும் அந்தப் பேரே தெரியாது. பிடிச்சதைப் பத்திப் பேச ஒரு ஆள் இல்லாம இருக்கறது ஒரு மாதிரி இருக்கு. என் டேஸ்ட்தான் கோணலா?

தம்பி, உங்க லெட்டரைப் பாத்ததும் எழுந்துபோய் அந்த ஆல்பத்தைப் போட்டுட்டு வந்துதான் இதை எழுதறேன். கோணலும் இல்ல ஒண்ணும் இல்ல. நீங்க கேக்கற அந்த ஆல்பத்தை ஒரு காலத்துல கிட்டத்தட்ட உலகமே மறந்து போயிருந்தது, அந்தக் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம், ஆனா மத்தவங்களுக்காக சொல்றேன்.

மெர்கியா 70கள்ல எத்தியோப்பியா தலைநகர் அடிஸ் அபாபாவுல வாலியாஸ் பேண்டோட கீபோர்டுக்காரர். ஹில்டன் ஹோட்டல்ல வாசிப்பாங்க. அப்போ அங்க ராணுவ ஆட்சி, ராத்திரியானா ஊரடங்கு, உள்ள வந்தவங்க விடியற வரைக்கும் தெருவுல கால் வைக்க முடியாது, அதனால பேண்டும் விடிய விடிய வாசிச்சுக்கிட்டே இருக்கும். 1981ல அந்த பேண்ட் அமெரிக்காவுக்கு டூர் போச்சு, அதுல சிலர் ஊர் திரும்பல, இவரும் அங்கயே தங்கிட்டார். 1985ல வாஷிங்டன்ல ஒரு சின்ன ஸ்டுடியோவுல தனியா உக்காந்து, சின்ன வயசுல கத்துக்கிட்ட அக்கார்டியனை எடுத்து, கூட எலக்ட்ரிக் பியானோ, சிந்தசைசர், ரிதம் மெஷின்னு எல்லாத்தையும் அவரே வாசிச்சு ஒரு கேசட்டு பண்ணினார். அது எத்தியோப்பியாவுல வித்துச்சு, அப்புறம் மெதுவா காணாமப் போச்சு. அவரும் மேடையை விட்டுட்டு டாக்சி ஓட்டப் போயிட்டார். வாஷிங்டன் ஏர்போர்ட்ல சவாரிக்கு வரிசைல நிக்கறப்போ டிக்கில இருந்து பேட்டரி கீபோர்டை எடுத்து பின் சீட்ல உக்காந்து வாசிப்பாராம். அத்தனை வருஷமா ஏறின பயணிகள்ல எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும், வண்டி ஓட்டறது யாருன்னு?

அப்புறம் பிரையன் ஷிம்கோவிட்ஸ்னு ஆப்பிரிக்க கேசட்டுகளை சேகரிக்கற ஒரு அமெரிக்கர் எத்தியோப்பியாவுல பஹிர் தார்ங்கிற ஊர்ல ஒரு கடைல இந்தக் கேசட்டை எடுத்துப் போட்டுப் பாத்தார். அட்டைல பேர் இருந்துச்சு. அந்தப் பேரை வச்சுத் தேடினா போன் நம்பரே கிடைச்சுது, கூப்பிட்டார், 2013ல ஆல்பம் மறுபடி வந்துச்சு. மெர்கியா உலகம் பூரா மேடை ஏறினார், 2018ல புது ஆல்பமே போட்டார். ஒரு ஆள், ஒரு கேசட்டு, அதோட அட்டை. இதுக்கு வேற ஒண்ணும் தேவைப்படல.

இன்னொண்ணு, உங்க ரூம்மேட்டுக்கு இதைச் சொல்லுங்க. எத்தியோப்பியா இசைல அஞ்சு ஸ்வரம் மட்டும் வச்சு ஓடற ஸ்கேல்கள் உண்டு. அதுல திஸிதான்னு ஒண்ணு, அதோட மேஜர் வகை ச ரி க ப த, அப்படியே நம்ம மோகனத்தோட ஸ்வரங்கள். அந்த ஊர்க்காரங்க அதைப் பாடற விதம் வேற, ஸ்வரத்துல நிக்கற இடம் வேற, ஆனா காதுக்கு ஏதோ தெரிஞ்ச வீட்டுக்குள்ள நுழையற மாதிரி இருக்கும். திஸிதாங்கிற வார்த்தைக்கு அம்ஹாரிக் மொழில ஞாபகம், பழசை நினைச்சு ஏங்கறதுன்னு அர்த்தம். நீங்க பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து கேக்கறப்போ உங்களுக்கு எதுக்குன்னே தெரியாம ஊர் ஞாபகம் வந்திருக்கும்னு நினைக்கிறேன்.

பேச ஆள் இல்லைங்கறது உண்மையான கஷ்டம்தான், அதை நான் லேசா எடுத்துக்கல. ஒரு வழி சொல்றேன். ஆல்பம் பூராவும் போட்டு யாரையும் உக்கார வைக்காதீங்க, யாராலயும் முடியாது. ஒரே ஒரு பாட்டு, அதுவும் சாப்பிடும்போது மெல்லிசா ஓடவிடுங்க, ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்களா "இது என்ன?"ன்னு கேட்டா மட்டும் டாக்சி கதையைச் சொல்லுங்க. எங்க வீட்ல நாலு பேர்ல ஒருத்தர் இப்படித்தான் சிக்கினாங்க.

ஒரு ஆல்பம் நெஜமாவே நல்லா இருந்தா அப்பவே ஓடியிருக்கணும் இல்லையா? ஓடாததை இருபது முப்பது வருஷம் கழிச்சு தோண்டி எடுத்து "ஆஹா ஓஹோ"ங்கறது வெறும் பேஷன்தானேன்னு என் அண்ணன் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க? – சேலம் வாசகி

உங்க அண்ணன்கிட்ட சரண்ஜித் சிங் கதையை சொல்லணும். பம்பாய்ல சினிமா ஆர்க்கெஸ்ட்ராவுல கிடாரும் சிந்தசைசரும் வாசிச்சவர், ஆர்.டி.பர்மன் பாட்டுக்கெல்லாம் வாசிச்ச கை. ரோலண்டு கம்பெனியோட டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8னு மூணு எலக்ட்ரானிக் இசை மெஷின் வாங்கினார். இதுல 303ங்கறது பேஸ் கிடாருக்குப் பதிலா வச்சுக்கலாம்னு கம்பெனி விட்ட ஒரு சின்ன டப்பா, ஆனா அதுல வர்ற சத்தம் பேஸ் கிடார் மாதிரியே இருக்காது, கீய்ய்னு நெளியும், அதனால விக்கவே இல்ல, 1984க்குள்ள கம்பெனி செய்யறதையே நிறுத்திட்டாங்க.

சரண்ஜித் சிங் 1982ல அந்த மூணு மெஷினையும் வச்சு பைரவ், லலித், தோடி, யமன், மால்கௌன்ஸ்னு பத்து ராகத்தை டிஸ்கோ பீட்டுக்கு மேல வாசிச்சு எச்எம்வில ஒரு எல்பி போட்டார். பத்து ராகம், டிஸ்கோ பீட், அதான் ஆல்பத்தோட பேருமே. போணியாகல. ஏன்னு யோசிச்சுப் பாருங்க, ரெக்கார்டு கடைக்காரர் அதை எங்க வைப்பார்? கிளாசிக்கல் வரிசைல வச்சா அங்க வர்ற பெரியவர் டிஸ்கோன்னு பாத்ததும் கீழ வச்சுடுவார், டிஸ்கோ வரிசைல வச்சா அங்க வர்ற பசங்க ராகம்னு பாத்ததும் வச்சுடுவாங்க, சினிமா பாட்டும் இல்ல, பாடறதுக்கு ஒரு குரலும் இல்ல. இசை நல்லா இருக்கா இல்லையாங்கற கேள்வி வர்றதுக்கு முன்னாடியே ஆல்பம் தோத்துப் போச்சு.

அஞ்சு வருஷம் கழிச்சு 1987ல சிகாகோல பசங்க அதே டிபி-303ஐ செகண்ட்ஹேண்ட்ல வாங்கி, அதே நெளியற சத்தத்தை வச்சு ஒரு புது இசையையே உண்டாக்கினாங்க, ஆசிட் ஹவுஸ்னு பேரு. அவங்களுக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவங்களைத் தெரியாது. 2002ல எடோ பௌமன்னு ஒரு டச்சுக்காரர் டெல்லில ஒரு கடைல இந்த எல்பியை வாங்கிட்டுப் போய் போட்டுப் பாத்து அசந்துட்டார். கவர்ல பேரும் போட்டோவும் இருந்ததால பம்பாய்ல அவரைத் தேடிக் கண்டுபிடிச்சார், 2010ல ரெக்கார்டு மறுபடி வந்துச்சு. எழுபது வயசுல சரண்ஜித் சிங் ஐரோப்பாவுல இளைஞர்கள் ஆடற மேடைல அந்த மெஷின்களை வச்சு வாசிச்சார். 2015ல காலமானார்.

இப்போ அந்த எல்பியைப் போட்டு யமனைக் கேளுங்க, 1982ல அச்சடிச்ச அதே பள்ளம்தான், ஒரு ஸ்வரம் கூட மாறல. மாறினது அதைக் கேக்கற காது. இதுல பேஷன்னு சொல்ல எனக்கு ஒண்ணும் தெரியல. அதேசமயம் உங்க அண்ணன் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, பழசு, அபூர்வம்கிற ஒரே காரணத்துக்காக எதையும் தலைல தூக்கி வைக்கக்கூடாது. ஓடாத ஆல்பத்துல முக்காவாசி சாதாரணமானதுதான், நானே வாங்கி ஒரு தடவைக்கு மேல போட முடியாம வச்ச ரெக்கார்டுகள் ஒரு தட்டு நிறைய இருக்கு.

2008ல இருந்து நான் கேட்டுக்கிட்டு இருந்த ஒரு பாட்டை இப்போ எல்லாரும் ரீல்ஸ்ல போடறாங்க. சந்தோஷப்படணும், ஆனா எனக்கு எரிச்சலா வருது. என்னோட பொருளை யாரோ எடுத்துக்கிட்ட மாதிரி. இது தப்பா? – மதுரை

தப்புன்னு சொல்லமாட்டேன், எல்லாருக்கும் வர்றதுதான். ஆனா அந்த எரிச்சல் வர்ற நேரத்துல அதைப் பாடினவங்களை நினைச்சுப் பாருங்க.

வஷ்டி பன்யன்னு இங்கிலாந்துல ஒரு பொண்ணு. குதிரை வண்டில ஸ்காட்லாந்து கரையோரத் தீவுகளைப் பாக்க மாசக்கணக்குல பயணம் போனவங்க, அந்த வழியிலயே எழுதின பாட்டுகளை 1970ல ஆல்பமா போட்டாங்க. யாரும் வாங்கல. பாட்டே வேண்டாம்னு கிடாரை வச்சுட்டு ஆடு மாடு குழந்தைங்கன்னு கிராமத்துல இருந்துட்டாங்க. 2000த்துல அந்த ஆல்பம் சிடியா மறுபடி வந்து புதுசா ஒரு கூட்டம் கேக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான், 2005ல அவங்க ரெண்டாவது ஆல்பம் வந்துச்சு. முதலாவதுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல 35 வருஷம். நிக் டிரேக்குக்கு அதுவும் கிடைக்கல. மூணு ஆல்பம், மூணும் ஓடல, 1974ல 26 வயசுல போயிட்டார். 1999ல ஒரு கார் விளம்பரத்துல அவர் பாட்டைப் போட்டப்புறம் உலகமே வாங்கிச்சு, அதைப் பாக்க அவர் இல்ல.

அதனால உங்க பாட்டைப் பாடினவங்க உயிரோட இருந்தாங்கன்னா இப்போ அவங்க போனுக்கு யாரோ கூப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க. பதினஞ்சு வருஷம் நீங்க தனியா கேட்டது உங்களுக்கு இருக்கு, அதை யாராலயும் எடுத்துக்க முடியாது.

எல்லாம்தான் யூட்யூப்ல இருக்கே, எதுக்கு கேசட்டு, எல்பின்னு வீட்டை அடைக்கணும்? – ஆவடி

யூட்யூப் செஞ்ச உபகாரம் பெரிசு, மறுக்கல. கல்கத்தாவைச் சேர்ந்த ரூபா பிஸ்வாஸ் கனடாவுல கால்கரிக்குப் போன இடத்துல ரெக்கார்டு பண்ணி 1982ல வந்த ஒரு டிஸ்கோ ஆல்பம், அதுல சரோத்ங்கற தந்தி வாத்தியம் வாசிச்சது ஆஷிஷ் கான், யாரும் சீண்டல. பல வருஷம் கழிச்சு யாரோ ஏத்தின வீடியோவாலதான் ஊரெல்லாம் பரவிச்சு, 2019ல அமெரிக்காவுல அதை மறுபடி போட்டாங்க, அவங்க மகன் இன்டர்நெட்ல பாத்து சொல்லித்தான் அவங்களுக்கே விஷயம் தெரிஞ்சிருக்கு.

ஆனா யூட்யூப்ல இருக்கறது நாளைக்கு இருக்கும்னு நிச்சயம் இல்ல, ஏத்தினவர் அக்கவுன்ட்டை மூடினா போச்சு. வேகம் ஏறிக் கிடக்கும், பி சைடு இருக்காது, பேர் தப்பா இருக்கும். அந்த வீடியோவை ஏத்தினவர் வீட்லயும் ஒரு ரெக்கார்டு இருந்திருக்கணும் இல்லையா? அதுக்குத்தான் வீட்டை அடைக்கறோம்.

அக்கா, அப்பா போன வருஷம் தவறிட்டார். பரண்ல ரெண்டு பெரிய அட்டைப்பெட்டி நிறைய கேசட்டு, எண்ணிப் பாத்தா 200க்கு மேல. நிறைய கேசட்டுல டேப் ஓரத்துல வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு. சினிமா பாட்டு, பக்திப் பாட்டு, சிலதுல எங்க ஊர் கோயில் விழா, வில்லுப்பாட்டுன்னு பேனால எழுதியிருக்கார். அம்மா பழைய பேப்பர்காரர்கிட்ட போடச் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. எங்க இருந்து ஆரம்பிக்கறது? – நாகர்கோவில் வாசகர்

போடாதீங்க. அம்மாகிட்ட ஆறு மாசம் டைம் கேளுங்க, நானே கேட்டதா சொல்லுங்க.

வெள்ளையா இருக்கறது பூஞ்சை. நம்ம ஊர் ஈரத்துக்கு வராம இருந்தாதான் அதிசயம். அதோட அப்படியே பிளேயர்ல போட்டுப் பாக்கற தப்பை மட்டும் பண்ணாதீங்க, ஒரு கேசட்டுல இருக்கற பூஞ்சை பிளேயர்ல டேப்பைப் படிக்கற ஹெட்ல ஒட்டி அடுத்த பத்து கேசட்டுக்கும் பரவும், உங்க மூக்குக்கும் நல்லது இல்ல. மாஸ்க் போட்டுக்கிட்டு மொட்டை மாடிலயோ திண்ணைலயோ நிழல்ல உக்காந்து பிரிங்க. வெயில்ல காய வைக்காதீங்க, டேப் சுருண்டுக்கும். மூடி இறுக்கமா இருக்கற ஒரு டப்பால சிலிகா ஜெல் பாக்கெட்டோட நாலஞ்சு நாள் வச்சு எடுத்தா பூஞ்சை காஞ்சு பொடியாயிடும், அப்புறம் நூல் பிரியாத மெல்லிசு துணியால டேப்போட ரெண்டு ஓரத்தையும் தொட்டுக்கிட்டே மெதுவா சுத்தி எடுக்கலாம். எதை வச்சு சுத்தறதுன்னு உங்க வயசுக்காரருக்கு நான் சொல்லணுமா, அதே பென்சில்தான்.

கேசட்டைத் திருப்பிப் பாருங்க, அஞ்சு ஸ்க்ரூ இருக்கா? இருந்தா அதிர்ஷ்டம், கழட்டி மாட்டலாம். சிலது ஸ்க்ரூ இல்லாம ஒட்டியே வந்திருக்கும், அதை பிளேடு வச்சு ஓரமா நெம்பித்தான் திறக்கணும், திறந்தா அந்த ஓடு போச்சு, டேப்பை வேற நல்ல ஓட்டுக்குள்ள மாத்திக்கணும். இதுக்காகவே எங்கயும் கிடைக்கற சினிமா பாட்டு கேசட்டுல ஸ்க்ரூ வச்சது நாலு தனியா எடுத்து வச்சுக்கோங்க. உள்ள திறந்தா நடுவுல ஒரு மெல்லிசு தகடு, அது மேல சுண்டு விரல் நகத்துல பாதி அளவுக்கு ஒரு சின்ன பஞ்சுத் துண்டு இருக்கும். டேப்பை ஹெட்டோட அழுத்திப் பிடிக்கறது அதுதான். முப்பது வருஷத்துல பசை காஞ்சு அது விழுந்திருக்கும், விழுந்தா பாட்டு போர்வைக்குள்ள இருந்து பாடற மாதிரி கேக்கும். நிறைய பேர் டேப் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடறது இந்தப் பஞ்சு விழுந்த கேசட்டைத்தான். வேற கேசட்டுல இருந்து தகட்டோட எடுத்து மாட்டிட்டா அதே டேப் பளிச்சுன்னு பாடும்.

அப்புறம் ஒரு தடவை முழுசா முன்னாடி ஓட்டி, முழுசா பின்னாடி ஓட்டுங்க, வருஷக்கணக்கா அசையாத டேப் கொஞ்சம் தளரட்டும். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க, ஒவ்வொரு கேசட்டுக்கும். ஹெட்டுக்குப் பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், பாட்டு ஓடும்போதே அதை இம்மியளவு திருப்பினா ஜால்ரா, சலங்கை சத்தம் திடீர்னு தெளியற ஒரு இடம் வரும், அங்க நிறுத்துங்க. இது கேசட்டுக்கு கேசட்டு மாறும், உங்க காதுதான் மீட்டர்.

கம்ப்யூட்டர்ல ஏத்தறப்போ 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் பைலா சைடு முழுசா எடுங்க. 60 நிமிஷ கேசட்டு ஒண்ணுக்கு கிட்டத்தட்ட 2 ஜிபி ஆகும், தரம் குறையாம சுருக்கற ஃப்ளாக் பைலா பண்ணினா அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. இரைச்சலை எடுக்கறேன்னு எடுத்த எடுப்பிலேயே சாப்ட்வேர்ல தேய்க்காதீங்க, அந்த இரைச்சலோட சேத்து தம்புராவும் போயிடும். முதல்ல வந்தது வந்தபடி ஒரு காபி, அதுக்கு மேல என்ன வேணா பண்ணிக்கலாம்.

200 கேசட்டுன்னா 200 மணி நேரம், ஒரு மணி நேர கேசட்டை ஒரு மணி நேரம் ஓட விட்டுத்தான் ஆகணும், குறுக்கு வழி கிடையாது. அதனால வரிசை முக்கியம். சினிமா பாட்டை கடைசில வைங்க, அது எங்கயும் போகாது. முதல்ல அப்பா பேனால எழுதினது. கோயில் விழா, வில்லுப்பாட்டு, அதெல்லாம் உலகத்துலயே அந்த ஒரு கேசட்டுல மட்டும் இருக்கலாம். அதுக்கு அடுத்து, உள்ளூர்லயே ரெக்கார்டு பண்ணி கோயில் வாசல்ல வித்த பக்திப் பாட்டு கேசட்டு.

டேப்பை விட முக்கியமா நான் கெஞ்சிக் கேக்கறது ஒண்ணு. ஒவ்வொரு கேசட்டோட அட்டையையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, மடிப்புக்குள்ள இருக்கற பொடி எழுத்தும் தெரியற மாதிரி. அதுல வயலின் யாரு, தபேலா யாரு, எந்த ஊர்ல ரெக்கார்டு பண்ணினதுன்னு இருந்தா அதை டைப் பண்ணி பைலோட பேர்லயே சேத்துடுங்க. அப்பா கையெழுத்து இருந்தா தேதியோட வைங்க. வில்லுப்பாட்டுல பாடற குரல் யாரோடதுன்னு அம்மாவுக்கு, பெரியப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும், இப்பவே உக்கார வச்சு கேட்டு எழுதிடுங்க. நெட்ல ஏத்தறதா இருந்தா யோசிச்சு ஏத்துங்க, இந்தியாவுல ஒலிப்பதிவுக்கு 60 வருஷம் உரிமை இருக்கு, கம்பெனி போட்ட கேசட்டுன்னா உங்க வீட்டோட வச்சுக்கறது நல்லது.

தமிழ் ஆளுங்க சம்பந்தப்பட்ட, சினிமா இல்லாத, ஜனங்க மறந்த ஆல்பம் ஒண்ணு ரெண்டு சொல்லுங்களேன். – சிங்கப்பூர்

ஒண்ணை மட்டும் ஆசைதீர சொல்றேன். எல்.சங்கர், வயலின் வி.லட்சுமிநாராயணாவோட மகன், எல்.சுப்ரமணியத்தோட தம்பி, சின்ன வயசுல யாழ்ப்பாணத்துல வளர்ந்தவர். நம்ம இசையும் ஜாஸும் கலந்த சக்தி குரூப்ல வாசிச்சவர்னு சொன்னா நிறைய பேருக்குத் தெரியும். ஆனா 1980ல ஜெர்மனியோட ஈசிஎம் கம்பெனிக்கு அவர் வாசிச்ச 'ஹூஸ் டு நோ' எத்தனை பேருக்குத் தெரியும்? ஜாஸ் ரெக்கார்டுக்குப் பேர்போன கம்பெனி அது, அதுல சைடுக்கு ஒண்ணுன்னு மொத்தமே ரெண்டு உருப்படி, ஒரு சைடு பூராவும் ராகம் தானம் பல்லவி. அவரோட பத்து தந்தி இரட்டை வயலின், உமையாள்புரம் சிவராமன் மிருதங்கம், ஜாகிர் உசேன் தபேலா, அப்பா லட்சுமிநாராயணா கூட உக்காந்து தாளம் போட்டிருக்கார். கச்சேரிக்குப் போறவங்க இதை ஜாஸ்னு விட்டாங்க, ஜாஸ் கேக்கறவங்க கர்நாடகம்னு விட்டாங்க, மறுபடி அதே ரெக்கார்டு கடை பிரச்சனைதான். ஹெட்போன் போட்டு ராத்திரி கேளுங்க, மிருதங்கமும் தபேலாவும் பேசிக்கறதைத் தனித்தனியா பிடிச்சுக் கேக்கலாம், அவ்வளவு சுத்தமான ரெக்கார்டிங்.

ஏ.ஆர்.ரஹ்மான் ரோஜாவுக்கு 3 வருஷம் முன்னாடி 1989ல பண்ணின 'தீன் இசை மாலை' இஸ்லாமிய பக்திப் பாட்டு ஆல்பத்தையும் தேடிக் கேளுங்க. இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' மறந்த ஆல்பம்னு சொன்னா அடிக்க வருவாங்க, ஆனா அதை ஆரம்பத்துல இருந்து கடைசி வரை ஒரே மூச்சுல கேட்டவங்க கையைத் தூக்கச் சொன்னா கூட்டம் கம்மியாத்தான் இருக்கும்.

எல்லாருக்கும் பதில் சொல்றீங்க, உங்களோட அந்த ஆல்பம் எதுக்கா? – தென்காசி வாசகி

இந்தக் கேள்விக்காகத்தான் மத்த எல்லாத்தையும் எழுதினேனோன்னு தோணுது.

ஒரு கேசட்டு. நான் ஒன்பதாவது படிக்கறப்போ எங்க பெரியம்மா திருச்செந்தூர் போயிட்டு வந்தப்போ வாங்கிட்டு வந்தது. முருகன் பாட்டு, சைடுக்கு நாலா எட்டு. சினிமாக்காரங்க யாரும் பாடினது இல்ல. ஆர்மோனியம், தபேலா, ஒரு புல்லாங்குழல், ஒரு பொம்பளை குரல். பெரிய குரல்னு சொல்லமாட்டேன், மேல போறப்போ கொஞ்சம் நடுங்கும், ஆனா அந்த நடுக்கத்துலதான் எல்லாம் இருக்கு. ரெண்டாவது சைடுல மூணாவது பாட்டுல சரணம் முடியற இடத்துல தூரத்துல ஒரு பஸ் ஹாரன் கேக்கும், ஜன்னல் சாத்தாத ரூம்ல ரெக்கார்டு பண்ணியிருக்காங்க. ஹாரன் வந்த உடனே அந்தம்மா அடுத்த அடியை ஒரு நொடி தள்ளி எடுப்பாங்க, தபேலாக்காரரும் கூடவே நின்னு கொடுப்பார். இத்தனை வருஷத்துல அந்த ஒரு நொடியை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல.

காலேஜ் முடிச்ச வருஷம் டேப் சிக்கிக்கிச்சு. ஒரு ரிப்பேர் கடைல டப்பாவோட கொடுத்தேன். டேப்பை ஒட்டி கேசட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தாங்க, அட்டையோட டப்பா எங்கயோ போச்சு. நானும் அப்போ கேட்டு வாங்கல, பாட்டு இருக்கே அது போதும்னு வந்துட்டேன். அதுல அந்தம்மா பேர் இருந்துச்சு, நான் படிச்சிருக்கேன், மஞ்சள் அட்டை, செவப்பு எழுத்து, மயில் படம், எல்லாம் கண்ணுக்குள்ள இருக்கு. பேர் மட்டும் வரமாட்டேங்குது. பெரியம்மாவும் இப்போ இல்ல.

டேப்பை கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கேன், நான் மேல சொன்ன எல்லாத்தையும் அதுக்குப் பண்ணியிருக்கேன். பைல் பேர்ல பாடகிங்கற இடத்துல ஒரு கோடு மட்டும் போட்டு விட்டிருக்கேன்.

திருச்செந்தூர் சன்னதித் தெருவுல 80கள் கடைசில கேசட்டு கடை வச்சிருந்தவங்க, இல்ல வாங்கினவங்க, யார் வீட்லயாவது மஞ்சள் அட்டைல மயில் போட்ட முருகன் பாட்டு கேசட்டு இருந்தா கேசட்டை அனுப்ப வேண்டாம், அட்டையோட ரெண்டு பக்கமும் ஒரு போட்டோ மட்டும் எடுத்து பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்க.